சாயம் படாத ஒரு விரல்

என் ஆசை அண்ணாவுக்கு,

நம் ஆடு வெள்ளச்சி குட்டி போட்டுவிட்டாள் அண்ணா, பெட்டைக் குட்டி, உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு, ஆனால் பிறந்ததிலிருந்து பால் குடிக்க வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது, இதுவும் செத்துப்போனால் அண்ணியை அவள் பிறந்த வீட்டுக்கு, தென்னேரிக்கே அனுப்பிவிடப் போகிறார்கள்!

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ இருந்திருந்தால், "மெதுவா சொல்லு மல்லி, இழை அறுந்துடப் போவுது" என்று சிரித்திருப்பாய்.

படிப்பகத்தில் இந்த மாதத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் உனக்கென்று சில பக்கங்களைக் காலியாக விட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நீ ஆரம்பித்த பத்திரிகை அல்லவா. "அஞ்சலிமா. நல்ல நல்ல வார்த்தையா போட்டு எழுது. தங்கச்சிதானே, உனக்குத் தெரியாததா?" என்றார்கள்.

எனக்கு வார்த்தைக்கா பஞ்சம்? பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, சோடா உப்பு கட்டிவரும் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்து எழுத்துக் கற்றவள் நான். பிறகு உன் முதல் பக்கத்தைப் பார்த்து எழுதி எழுதிக் கையெழுத்தைத் திருத்திக்கொண்டேன். உனக்கு ஒரு ரசிகர் மன்றம் இருந்தது தெரியுமா? தலைவி, செயலாளர், பொருளாளர், உறுப்பினர், எல்லாம் நான் ஒருத்திதான். உன்னைப் புகழச் சொன்னால் இந்தப் பத்திரிகை முழுக்கப் பற்றாது.

ஆனால் இப்போது புகழ நேரமில்லை. பின்கட்டுச் சுவரின் மேல் காக்கை உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் நீ போனாய். கருமாதி முடிந்ததும் அம்மா உன் தறியின் மேல் உன் வேட்டியையே விரித்து மூடிவிட்டாள். பாதி நெய்த புடவை அதற்குள் அப்படியே நிற்கிறது. அண்ணி உன் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பாளே, அந்த இடத்தில் இப்போது ஒரு சாக்கு மூட்டை.

"கல்யாணக் கூரைப்பொடவை நெய்யற தறிமா பூங்காவனம். இனிமே அதுல நீ கை வைக்கக் கூடாது" என்றாள் அம்மா. அதட்டவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள். அண்ணியும் அழுதுகொண்டே தலையாட்டினாள். வீட்டில் ஒரு ஆள் சும்மா உட்கார முடியாது. அதனால் அண்ணியை அப்பாவோடு, வீட்டை ஒட்டிய சாயப் பட்டறைக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து சோப்பும் சோடாவும் போட்டுப் பட்டு நூலை வேகவைப்பதும், கொப்பரையில் சாயம் கலக்குவதும், கழியில் போட்டுப் புரட்டுவதும் அவள் வேலை. என் வேலையும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் இப்போதெல்லாம் தெருக்குழாய்க்குப் போவது எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகுதான். காலையில் தறியில் உட்காரப் போகிறவர்கள் எதிரில் அவள் வந்துவிடக் கூடாதாம். தறியில் புதுப் பாவு நூல் பூட்டுகிற வீடு என்றால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை அண்ணா. அவளாகவே தெரிந்துகொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்கழியில் இன்னொரு ஆடு, கறுப்பி, குட்டி போட்டாள். அந்தக் குட்டியும் குடிக்கவில்லை. அண்ணி மடியில் போட்டுக்கொண்டு என்னென்னவோ செய்து பார்த்தாள். பொங்கல் வருவதற்குள் போய்விட்டது. குழி தோண்டிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சு வந்தது.

"அவன் கைராசி அவனோட போச்சுடி. எத்தினி குட்டியைப் பொழைக்க வெச்சான்!"

"இவ கை பட்டா பாலு கூட எறங்க மாட்டேன்னுதே. இன்னா கையோ!"

உன் கைராசி. அதைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? இந்தத் தெருவில் எந்த வீட்டு ஆடு நோஞ்சான் குட்டி போட்டாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். நீ தறியில் உட்காரும் முன் போவாய். சீம்பாலில் விரலை நனைத்து அதன் வாய்க்குள் விட்டு அண்ணத்தைத் தடவுவாய். அது ஒரு நொடி யோசிக்கும். பிறகு சப்பும். அப்படியே தாய் மடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்துவிடுவாய். நான்தான் தெரு முழுக்கத் தம்பட்டம் அடிப்பேன்.

அண்ணி தென்னேரி ஏரிக்கரையில் ஆடுகளோடு வளர்ந்தவள். நம் ஜனம்தான் என்றாலும் அவள் தாத்தா காலத்திலேயே தறியை விட்டு நிலத்துக்குப் போய்விட்டவர்கள். கறுப்பியும் வெள்ளச்சியும் அவள் கல்யாணத்தோடு வந்தவை. உன் காலத்தில் அவள் கையிலும்தான் குட்டிகள் குடித்தன. அதை மட்டும் தெருவில் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

இப்போது வெள்ளச்சிக்கு வருகிறேன்.

ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனி உத்திரத்துக் கொடியேறிய காலை. மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பின்கட்டில் வெள்ளச்சி காலால் தரையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். குட்டி வெளியே வந்து விழுந்தபோது கத்தவில்லை. ஈரத் துணிபோலக் கிடந்தது. அண்ணி அதன் மூக்கிலும் வாயிலும் இருந்ததை வழித்துப் போட்டு, வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டாள். ஒரு தும்மல் வந்தது. "உசுரு கீதுடி மல்லி!" என்று கத்தினாள். உன் கருமாதிக்குப் பிறகு அவள் குரலை அவ்வளவு பெரிதாக நான் கேட்டதில்லை.

குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "வாய் சில்லுனு கீது. சூடு ஏறினாத்தான் குடிக்கும்" என்றாள். சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு சாயப் பட்டறைக்கு ஓடினாள். கொப்பரைக்குக் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே அரக்குச் சாயம் கொதித்தது. அந்த அடுப்படியில் குட்டியைப் படுக்க வைத்தாள்.

"இதை வுட வெதுவெதுப்பான இடம் இந்தத் தெருவுல ஏது, சொல்லு?"

ஆமாம் அண்ணா, நானும் கைதட்டினேன். என்ன மூளை என்று நினைத்தேன். மார்கழியில் கறுப்பியின் குட்டியையும் அங்கேதான் படுக்க வைத்தோம். ஆவியில் குட்டியின் மயிர் காய்ந்து புசுபுசுவென்று ஆனது. காது சூடானது. கால் உதறியது. அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளச்சியிடம் போனோம்.

வெள்ளச்சி முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் முகர்ந்தாள். தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. குட்டி உருண்டு போய்ச் சுவரில் மோதியது.

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, "பெத்தவளே வேணான்னுட்டா" என்றாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நான் வெள்ளச்சியின் காலைப் பிடித்துக்கொள்ள அண்ணி சீம்பாலைக் கறந்தாள். மஞ்சளாகக் கெட்டியாக வந்தது. எனக்குக் குழந்தையில் பால் புகட்டிய பாலாடைக் கிண்ணத்தைத் தேடி எடுத்து வந்தேன். அண்ணி விரலை நனைத்துக் குட்டியின் உதட்டில் வைத்தாள். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலை உள்ளே விட்டாள். ஈறை இறுக்கிக் கடித்துக்கொண்டு நாக்கால் வெளியே தள்ளியது. பாலாடையால் கொஞ்சம் விட்டோம். கடைவாய் வழியாக வழிந்து கழுத்து நனைந்ததுதான் மிச்சம். அதிகம் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று அண்ணி பயந்தாள்.

"நீ வெச்சுப் பாரு மல்லி."

என் விரலையும் துப்பிவிட்டது.

அம்மா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "அவனும் கடைசியில இப்படித்தான் கஞ்சியை வழிய வுட்டான்" என்றாள். அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

காக்கை வந்தது அன்று மத்தியானம். உனக்குச் சோறு வைக்கும் அதே சுவரில் வந்து உட்கார்ந்தது. சோற்றைத் தொடவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துக் குட்டியையே பார்த்தது. எழுந்திருக்க முடியாத குட்டியின் கண்ணைத்தான் காக்கை முதலில் கொத்தும் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெரட்டாதடி. அவன்தான் வந்து கீறான்."

"அம்மா, அது குட்டியைக் கொத்தப் போவுது!"

"அவன் குட்டி. பாக்க வந்து கீறான். இரு."

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அண்ணா, உண்மையாகக் கேட்கிறேன். அது நீயா? நீயாக இருந்தால் ஏன் சோற்றைத் தொடவில்லை? எதை எடுத்துக்கொண்டு போக வந்தாய்?

அண்ணி போய்க் குட்டியின் மேல் கூடையைக் கவிழ்த்தாள். காக்கை நகரவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் பேசினாள். நான் உள்ளே நூல் சிட்டம் பிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி பட்டறையில் பட்டு அலசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தட்டிதான்.

"தென்னேரிக்குச் சொல்லி அனுப்புங்க. சம்மந்தி வந்து கூட்டிக்கினு போவட்டும்."

"இப்ப இன்னாத்துக்கு? உத்திரம் வரைக்கும் சாய வேலை தலைக்கு மேல கெடக்குது."

"உங்களுக்குச் சாயம்தான் பெரிசு. புள்ளை போனான். ஒரு குட்டி போச்சு. இதுவும் வாயை மூடிக்கினு கெடக்குது. அடுத்தது யாருன்னு தெருவுல கேக்கறாங்க."

அம்மா திரும்பித் தட்டி வழியாக என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் புரிந்தது. அம்மாவுக்கு அண்ணி மேல் கோபம் இல்லை. என்னை நினைத்துப் பயப்படுகிறாள். மிச்சம் இருப்பது நான் ஒருத்திதானே.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பட்டைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "தென்னேரியில எனக்கு இன்னா மல்லி கீது? அண்ணன் பொண்டாட்டிங்களுக்கு எடுபிடியா இருக்கணும். இங்கன்னா அவரு தறி கீது. தொடக் கூடாதுன்னாலும் பாத்துக்கினாவது இருப்பேன்."

சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே மாமா, அண்ணியின் அப்பா, வாலாஜாபாத் வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்கினார். மடியில் வேர்க்கடலை மூட்டை. கூடத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. குட்டி அவர் பக்கத்தில் சாக்கின் மேல் கிடந்தது. அதற்குள் விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

அம்மா பேச ஆரம்பித்தாள். "அண்ணே, உங்க பொண்ணை நாங்க கொறை சொல்லல..." மாமா கேட்டுக்கொண்டே, ஆடு வளர்க்கிற வீட்டில் யாரும் செய்வதுபோல, சும்மா ஒரு விரலைக் குட்டியின் வாயருகில் வைத்தார்.

குட்டி சப்பியது!

சப், சப் என்று சத்தம் கேட்டது. நான் போட்ட கூச்சலில் அப்பா பட்டறையிலிருந்து ஓடி வந்துவிட்டார். பாலை எடுத்து வந்தேன். மாமா விரலை நனைத்து நனைத்துக் கொடுத்தார். குடித்தது அண்ணா! தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். வால்கூட ஒரு தரம் ஆடியது. நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணி சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்திருந்தது.

"பாத்தீங்களாண்ணே?" என்றாள் அம்மா. "நேத்துலேருந்து இவ மடியிலயே கெடந்துது. குடிக்கல. நீங்க வந்து தொட்டதும் குடிக்குது. இன்னும் நான் இன்னா சொல்ல?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "துணியை எடுத்துக்கோமா பூங்காவனம்" என்றார்.

அண்ணி உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

எனக்கு மட்டும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணி கை ஆகாத கை என்றால், என் கை? புதுப் பாவுக்குச் சூடம் காட்ட இந்தத் தெருவில் கன்னிப்பெண் என்று என்னைத்தானே கூப்பிடுகிறார்கள்? என் விரலையும்தானே அது துப்பியது? என்னை ஏன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை?

குட்டிக்கு எதிரில் உட்கார்ந்தேன். என் விரலை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. என்ன தோன்றியதோ, அந்த விரலை என் வாயிலேயே வைத்துச் சப்பினேன்.

தூ! துருப்பிடித்த ஆணியைச் சப்பினதுபோல இருந்தது. சோடாக் காரம், ஆசிட் புளிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கசப்பு. பொழுது விடிந்தால் அதே கையால்தான் சோறு பிசைந்து சாப்பிடுகிறேன். எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

உள்ளே ஓடினேன். "அண்ணி, விரலை நக்கு!"

"ஐயே, இன்னா மல்லி இது? பைத்தியமா?"

"நக்கு அண்ணி. எனக்காக."

நக்கினாள். மடித்த புடவை கையிலிருந்து நழுவியது. விரலை மூக்கருகில் கொண்டுபோனாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். வெள்ளச்சி முகர்ந்த மாதிரியே இருந்தது. "என் மூக்கு செத்துப்போச்சுடி" என்றாள். "அடுப்பாண்ட படுக்க வெச்சேனே. உடம்பு முழுக்க இந்த நாத்தத்தை ஏத்தித்தானே தாயாண்ட வுட்டேன்? ரெண்டையும்!"

அப்போதுதான் அண்ணா, நீ தவிட்டில் கை தேய்ப்பது என் கண்முன் வந்தது. தினமும் காலையில் ஒரு பிடி தவிடு, பிறகு சீயக்காய், பிறகு கிணற்றுத் தண்ணீர். பட்டு பிசிர் பிடிக்கக் கூடாது, புடவையில் கறை படக் கூடாது என்று விரல் விரலாகத் தேய்ப்பாய். "மாப்பிள்ளை கையைப் பாக்க பொண்ணு வூட்டுக்காரங்க வராங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன். பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அண்ணியையும் அப்படியே தேய்க்கச் சொல்வாய். அதன் பிறகுதானே நீ குட்டிகளிடம் போவாய்?

ஆக, கைராசி இல்லை. தவிடு!

உனக்கு இது தெரியுமா அண்ணா? தெரிந்தும் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாயா? இல்லை, நீயும் எங்களைப் போலவே ராசி என்றுதான் நம்பினாயா? ரசிகர் மன்றத்தையே கலைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் குதித்தேன். ராசி என்றால் உன்னோடு போய்விட்டது. தவிடு என்றால் எந்த வீட்டிலும் கிடைக்கும்.

கூடத்துக்கு ஓடி, "அம்மா, உன் விரலை நக்கு!" என்றேன்.

"அடி செருப்பால! சம்மந்தி எதிர்ல பேசற பேச்சா இது?"

அப்பா தன் கையை முகர்ந்து பார்த்தார். "ஒரு நாத்தமும் வரலையே" என்றார்.

மாமா அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தார். "சம்மந்தி, கோச்சிக்காதீங்க. உங்க தெருமுனை திரும்பும்போதே எனக்கு மூக்கு எரியும். சம்பந்தம் பேச வந்தப்பவே எரிஞ்சுது. மரியாதைக்குச் சொல்லல."

அப்பா சிரித்துவிட்டார். நீ போன பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "நாத்தமோ, ராசியோ, எனக்குத் தெரியாது. அது எழுந்து தாயாண்ட நிக்கட்டும். உத்திரத்து அன்னிக்கு சாமி கல்யாணம் வரைக்கும் பாக்கறேன். நிக்கலைன்னா இவ போவட்டும். அந்த மீதி ஆடுங்களும் போவட்டும்" என்றாள்.

மாமாவுக்கு வயலில் தண்ணீர் முறை. மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். போகும்முன் குட்டிக்கு இன்னொரு தரம் புகட்டினார். "உத்திரத்துக்கு சாமி பாக்க வருவேன். திரும்பும்போது ஒரு டிக்கெட்டா ரெண்டு டிக்கெட்டான்னு சாமிக்குத்தான் தெரியும்" என்று சொல்லி அண்ணியின் தலையைத் தொட்டார். திறந்த டிரங்குப் பெட்டி அப்படியே இருக்கிறது. மூடவும் இல்லை, காலி செய்யவும் இல்லை.

அவர் போனதிலிருந்து குட்டி மறுபடி விரலைச் சப்பவில்லை. பாலாடையில் விடும் சொட்டுகளில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணி தவிட்டால் தேய்க்கிறாள். ரத்தம் வரத் தேய்த்தாள். விரல் வெடிப்புக்குள் அரக்கு ஏறிக் கிடக்கிறது. கொஞ்சம் போனால் மறுநாள் கொப்பரையில் மறுபடி ஏறிவிடுகிறது. உத்திரத்து முகூர்த்தப் பட்டு குவிந்து கிடப்பதால் அப்பாவால் அவளையும் என்னையும் விடமுடியவில்லை. தறியிலும் உட்கார வைக்க மாட்டார்கள். துணியைப் பாலில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தோம். நம் வீட்டில் எந்தத் துணி, எந்தக் கை, அம்மாவுடையதுகூட, பட்டு அலசும் தொட்டியில் நனையாதது? விரலில் வாழை இலையைச் சுற்றிக் கொடுத்தோம். துப்பிவிட்டது. வெள்ளச்சியின் பாலையே குட்டியின் முதுகில் தடவி அவளிடம் விட்டாள் அண்ணி. முகர்ந்தாள். முட்டவில்லை. ஆனால் நகர்ந்து போய்விட்டாள். குட்டிக்கு அவள் பின்னால் போகத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டில் வந்து புகட்டச் சொல்லிக் கேட்டேன். "அந்தக் குட்டியை எங்க வூட்டாண்ட கொண்டாராதே. புதுப் பாவு பூட்டி கீது" என்றார்கள். அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. அங்கே தறி ஓடுகிற சத்தம் வாசலில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது.

இப்போது கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். குட்டியின் காது மறுபடி சில்லிட்டிருக்கிறது. மூச்சு விடும்போது நெற்றிப் பொட்டு லேசாக அசைகிறது. அது அசைகிறதா என்று ஒவ்வொரு வரிக்கும் எட்டிப் பார்க்கிறேன். கோயில் மேளம் கேட்கிறது. காக்கை போகவில்லை. இப்போது இரண்டாவது ஒன்றும் வந்திருக்கிறது.

அதனால்தான் அண்ணா, உனக்கு விட்ட பக்கத்தில் உன் புகழை எழுதவில்லை. இதற்கு மேல் எழுதப்போவது படிப்பகத்துக்கு வருகிறவர்களுக்கு. நீ கேட்டுக்கொண்டிரு.

தறியில் உட்காரும் அண்ணன்மார்களே, மாமாமார்களே, அக்காமார்களே! பட்டு கெடக் கூடாது என்று காலையில் கை கழுவுகிறீர்கள் அல்லவா? அந்தக் கை வேண்டும். ஒரு விரல் போதும். கழுவிய கையோடு, தறிக்குப் போகும் முன் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வாருங்கள். பால் தயாராக இருக்கும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நனைத்து உள்ளே விட்டு அண்ணத்தைத் தடவ வேண்டும், அவ்வளவுதான். குட்டி தெம்பாகி எழுந்து வெள்ளச்சியிடம் போகும் வரைக்கும்.

இதைப் படித்தவர்கள் படிக்காதவர்களிடம் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கடைசிப் பக்கம் வழக்கம்போல வாசகர் கருத்துக்குக் காலியாக இருக்கிறது. கருத்து எழுத வேண்டாம். வாருங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வேளையில் அப்பாவும் நானும் கொப்பரைக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருப்போம். அம்மா பூஜையில் இருப்பாள். கதவைத் தட்டினால் அண்ணிதான் திறப்பாள். அன்றைக்கு நீங்கள் முதலில் பார்ப்பது அவள் முகமாகத்தான் இருக்கும்.

அண்ணா, நீ ஒன்றும் கவலைப்படாதே. யாராவது வரும் வரைக்கும் நான் இந்தக் கூடையை விட்டு நகரமாட்டேன். துடைப்பம் பக்கத்திலேயே இருக்கிறது. சுவரில் இருப்பது நீயாகவே இருந்தாலும் விரட்டுவேன். இது சத்தியம்.

உன் ரசிகர் மன்றத்தின் ஒரே உறுப்பினர்,
அண்ணியின் நாத்தனார்,
உன் தங்கச்சி மல்லிகா